தும்மலில் பிறந்த சாட்சி

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வருமாம், ரயில் பயணத்தில் வருமாம், காதல் தோல்வியில் வருமாம். எனக்கு ஞாயிறு ஆராதனையில், முன் பெஞ்சிலிருந்து, ஈரமாக வந்தது.

எனக்கும் எங்கள் கென்டக்கி மலையூரின் டர்க்கிபோன் பாப்டிஸ்ட் சபைக்கும் உள்ள உறவு வயிற்று வழிப்பட்டது. ஆராதனை முடிந்தால் கீழ்த்தளத்தில் சோள ரொட்டி, பீன்ஸ், கோழிக் கொழுக்கட்டைக் குழம்பு. அதற்காக மேலே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அன்று என் முன்னால் இருந்த மனிதன், மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயை மெல்லத் தூக்கினான். உள்ளங்கையால் முகத்தை மூடி ஏதோ செய்தான். குழாயை மறுபடி மாட்டினான். பிறகு தும்மினான்.

சாதாரணத் தும்மலா அது! கூரை இரண்டு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது. பாட்டுப் புத்தகங்கள் தாமாகவே அடுத்த பாட்டுக்குத் திரும்பின. தொடர்ந்து அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று பாருங்கள், மேல்சட்டைப் பையில் மீன் விடலாம். சபை மொத்தமும் அதைப் பார்த்து விம்மியது.

தும்மலும் கண்ணீரும் நடந்தவை. மனிதன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வெளியூர்க்காரன். மீதியெல்லாம் என் கைங்கரியம். இந்த மாவட்டச் சாலை அலுவலகத்தில் மலை வளைவுகளை அளந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு நேராக எங்கும் போகத் தெரியாது. ஆகவே நான் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு படியுங்கள். எந்தப் பங்கு என்று சொல்லமாட்டேன்.

2

தொடக்கங்கள்.

"ஹோபர்ட் ஸ்டாம்பரின் இரண்டு நுரையீரல்களும் நைந்துபோன நிலக்கரி மூட்டைகளைப் போல—" வேண்டாம். உவமையிலேயே இருமல் வருகிறது.

"கென்டக்கி மலைகளில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு—" எல்லார் கதையிலும்தான் பனி இறங்குகிறது. இறங்கிவிட்டுப் போகட்டும்.

"ஹோபர்ட் செத்த அன்று டிரீமா—" (இல்லை, இல்லை. இது விரல் தவறி வந்த வரி. நீங்கள் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன், ஆனால் பேனா அழுத்தமாக எழுதிவிட்டதால் தெரிகிறது.)

கடைசியில் இதை வைத்துக்கொண்டேன்: ஹோபர்ட்டுக்குப் புது நுரையீரல் வேண்டும்.

இதில் வளைவு எதுவும் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரியாமல் ஆணி அடித்துக்கொண்டிருந்த காலத்தில் பாதியும், சிகரெட்டுக்குப் பாதியுமாகத் தன் பழைய நுரையீரலை அவன் கொடுத்து முடித்திருந்தான். குளியலறையிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பேர் ஏறவேண்டும், ஏறிய பேர் இறங்காமலும் இருக்கவேண்டும். ரத்தத்தில் நிகோடின் இருந்தால் பேர் இறங்கிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் சோதிப்பார்கள்.

3

சிகரெட்டை நிறுத்த ஹோபர்ட் எடுத்த முயற்சிகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தோளில் நிகோடின் பட்டை ஒட்டினான். வியர்வையில் வழுக்கி அது முழங்கையில் வந்து நின்றது. மெல்லும் கம் மென்றான். மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் மாவட்டச் சுகாதார அலுவலகத்து நர்ஸ் ரெனிட்டா, அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ஒரு சின்ன பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"இது என்ன?"

"நிகோடின் ஸ்பிரே. மூக்குல அடிக்கணும். சிகரெட்டு வேணும்னு எப்பத் தோணுதோ அப்ப இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. உறிஞ்சாத. தலையை லேசாப் பின்னால சாய்ச்சு அடி."

"மூக்குலயா?"

"பின்ன காதுலயா? முதல் வாரம் எரியும், சொல்லிட்டேன். மிளகாத்தூள் போட்ட மாதிரி இருக்கும். தும்முவ, மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி ஊத்தும்."

"எவ்ளோ ஊத்தும்?"

"மாமியார் செத்த மாதிரி."

"என் மாமியார் செத்தப்ப நான் ஒரு சொட்டு விடலியே."

"அதுக்கும் சேத்து இப்ப விடு. இங்க பாரு ஹோபர்ட், சிரிக்காம கேளு. இதுவும் நிகோடின்தான். பட்டியல்ல பேரு போடறப்போ நகரத்துல கேப்பாங்க, வேற எதாவது எடுத்துக்கிறியான்னு. இதைச் சொல்லிடு. சொன்னா அவங்களே ஒரு கணக்குப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்த வைப்பாங்க. சொல்லாம வச்சிருந்து ரத்தத்துல மாட்டுச்சுன்னா, நீ ஊதுனேன்னுதான் எழுதுவாங்க."

"சொல்லிடறேன்."

"டிரீமாகிட்டயும் சொல்லு. பொண்டாட்டிக்குத் தெரியாம வச்சுக்காத."

ஹோபர்ட் எழுந்தான். பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

(இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று நாளாகத் தோட்டத்தில் தக்காளிச் செடிகளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹோபர்ட்டுக்கும் டிரீமாவுக்கும் லோனி என்று ஒரு மகன் இருந்தான். எங்கள் மலைகளில் பல வீடுகளில் பிள்ளைகள் போனதைப் போலவே அவனும் போனான். போதைக்காக வலி மாத்திரையைப் பொடித்து மூக்கால் இழுத்து. டிரீமாதான் முதலில் பார்த்தாள். நாசித் துவாரம் இரண்டும் செக்கச் செவேலென்று பச்சைப் புண்ணாக இருந்ததாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது மூக்கருகே கையைக் கொண்டுபோனால் அவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஜலதோஷத்துக்குக்கூட அந்த வீட்டில் மூக்கு மருந்து கிடையாது.)

அதனால்தான் பாட்டில் நேராகக் கோட்டுப் பைக்குள் போயிற்று.

4

வாருங்கள், ஆராதனைக்குப் போவோம். தும்மல் வருகிறது.

பாஸ்டர் கிளோவிஸ் எரிநரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நெருப்பு, புகை என்று அவர் வர்ணிக்க வர்ணிக்க, ஹோபர்ட்டுக்கு நாக்கு ஊறிற்று. நரகத்தைப் பற்றிக் கேட்டு ஆசைப்பட்ட ஒரே கிறிஸ்தவன் அவனாகத்தான் இருக்கும். எழுந்து வெளியே போக மூச்சு இல்லை. டிரீமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். குழாயைத் தூக்கினான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

முதல் வாரம். மிளகாய்த்தூள். ரெனிட்டா சொன்னது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது.

கூரை எழும்பி இறங்கியதைத்தான் சொல்லிவிட்டேனே. கண்ணீர் தாடையில் வழிய, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவனைப் பாஸ்டர் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். இறங்கி வந்து தோளில் கை வைத்தார்.

"பிரதர் ஹோபர்ட்! ஆவியானவர் உங்களைத் தொட்டுட்டாரு."

ஹோபர்ட் தலையை ஆட்டினான். இல்லை என்றுதான் ஆட்டினான். தும்மலின் நடுவில் ஆட்டியதால் ஆமாம் என்று விழுந்தது.

"எழுந்து நில்லுங்க. சாட்சி சொல்லுங்க. கர்த்தர் உங்களுக்கு என்ன செஞ்சாரு?"

எங்கள் சபையில் எழுந்து நின்றவன் சும்மா உட்கார முடியாது. இத்தனை கைகள் மேலே உயர்ந்திருக்கும்போது, 'ஒன்றுமில்லை, மூக்கில் மருந்து' என்று எவனால் சொல்லமுடியும்? பக்கத்தில் டிரீமா கண்ணைத் திறந்து, மகன் போன பிறகு முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்றோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிகரெட்ட..." என்றான் ஹோபர்ட்.

"எடுத்துட்டாரா?"

"...விட்டு ஒரு..."

"எடுத்துட்டாரு! சத்தமாச் சொல்லுங்க பிரதர்!"

"எடுத்துட்டாரு."

"அல்லேலூயா!" என்றது சபை. கூரை இரண்டாம் முறை எழும்பிற்று.

(அவன் சொன்னது மொத்தம் நான்கு சொல். அதில் ஒன்றுதான் பொய், அதையும் பாஸ்டர்தான் எடுத்துக் கொடுத்தார். ஹோபர்ட்டின் வக்கீலாக இதைப் பதிவு செய்கிறேன்.)

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. என் குறிப்பில் "டிரீமா அழுகிறாள்" என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் அவள் எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள். பதினைந்து வயதிலிருந்து விடாமல் பிடித்த சிகரெட்டின் பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பலிபீடப் படியில் வைத்தாள்.

"அவன்கிட்டேருந்து எடுத்தவரு என்கிட்டேருந்தும் எடுக்கட்டும்," என்றாள்.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். வேடிக்கைக் கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

5

டிரீமாவிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. அவளேதான் பிடுங்கிப் போட்டாள், பல்லைப் பிடுங்குவதைப் போல, மயக்க மருந்து இல்லாமல்.

பென்சிலைக் கடித்தாள். கதவு நிலையைக் கடித்தாள். நாயைக்கூட ஒருமுறை கடிக்கப் பார்த்ததாகவும் நாய் இரண்டு நாள் கொட்டகையை விட்டு வரவில்லை என்றும் நான் எழுதினால் நம்புவீர்களா? சமையலறைத் தரையை அவள் தேய்த்த தேய்ப்பில் மலைக்கு அடியிலிருந்த நிலக்கரி தெரிந்தது. ரொட்டிச் சட்டியைக் காலில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் ஹோபர்ட்டிடம்தான் வந்து நிற்பாள்.

"உனக்கு எப்படிடா இவ்ளோ லேசாப் போச்சு?"

"லேசுன்னு யாரு சொன்னா."

"நீ ஒரு சத்தம் போடல. ஒரு தட்ட உடைக்கல. என்மேல எரிஞ்சு விழல. எரிஞ்சு விழுறதுக்குன்னே பொறந்தவன் நீ. எனக்கு மட்டும் ஏன் அவரு இப்படி இழுத்தடிக்கிறாரு? என் ஜெபம் பத்தலியா?"

"பத்தும் கண்ணு. பத்தும்."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போவான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவான், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சுவரிலிருந்து சுவருக்கு.

வாசகரே, இங்கே எனக்கு ஹோபர்ட் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கேட்ட பிறகும் ஒரு மனிதன் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இந்தா, இதுதான் என் அற்புதம், நீயும் ரெனிட்டாகிட்ட ஒண்ணு வாங்கிக்கோ," என்று சொல்லமாட்டானா? அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். (மீபுனைவில், அதாவது எழுதுகிறவனே உள்ளே நுழைகிற கதையில், இதெல்லாம் அனுமதி உண்டு.)

"ஏன்யா சொல்லல?"

"நீங்க அவ மூஞ்சியப் பாத்தீங்களா, அன்னிக்கு?"

"நான்தானே எழுதினேன்."

"எழுதுனது வேற. பாத்தீங்களா? லோனி போனதுக்கப்புறம் அவ ஜெபிக்கவே இல்ல. சும்மா கண்ண மூடிட்டு உக்காந்திருப்பா. அன்னிக்குத்தான் திரும்ப ஆரம்பிச்சா. என் தும்மல்லேருந்து. அதை நான் எப்படிப் பிடுங்கறது?"

அவனைக் கதைக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் கோடையில் டிரீமாவுக்கு மூக்கு திரும்பியது. புகை பிடிக்கிறவர்களுக்கு வாசனை மங்கிவிடும், விட்டால் திரும்பும். அவளுக்குத் திரும்பிய மூக்கு போலீஸ் நாய்க்கு இருந்தால் எங்கள் ஷெரிஃப் வேலையை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகலாம்.

"ஹோபி, நம்ம வீடு இப்படியா நாறும்?"

"எப்படி?"

"சாம்பல் மாதிரி. சோபா, திரை, உன் தொப்பி, எல்லாம். மழை வர்றதுக்கு முன்னாடி மண்ணுக்கு ஒரு வாசனை இருக்கு, மறந்தே போச்சு எனக்கு. பக்கத்து வீட்டுல வெங்காயம் அரியறாங்க. பால் நாளைக்குத் திரிஞ்சுடும்."

சந்தோஷமாகத்தான் வீடெல்லாம் முகர்ந்துகொண்டு போனாள். லோனியின் அறைக்குள் போய் அவன் அலமாரியைத் திறந்தாள். அவனுடைய குளிர்காலக் கோட்டில் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"என்ன கண்ணு?"

"அவன் வாசனை இல்ல," என்றாள். "என் புகைதான் இருக்கு."

(இதில் எதையும் கழிக்காதீர்கள்.)

6

இதற்குள் ஹோபர்ட் பிரபலமாகிவிட்டான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கூப்பிட்டார்கள், மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு போய் நிற்பான். அவன் சொன்னது குறைவு, சபைகள் சேர்த்துக்கொண்டது அதிகம். கடைசிப் பாக்கெட்டை அவன் ஆற்றில் எறிந்தான் என்றார்கள். எறிந்த இடத்தில் மீன்கள் இருமிக்கொண்டு மிதந்தன என்றார்கள். (மீன் என்னுடையது. மற்றது அவர்களுடையது.) மூன்று பேர் அவன் சாட்சியைக் கேட்டுச் சிகரெட்டை விட்டுவிட்டார்கள், அதில் பாஸ்டரின் மனைவியும் ஒருத்தி. பாஸ்டரின் மனைவி புகைத்தாள் என்பதே அன்றுதான் பாஸ்டருக்குத் தெரிந்தது.

நகரத்து ஆஸ்பத்திரிக்கு முதல் பயணம் சபை வேனில். ஓட்டியவர் பாஸ்டர் கிளோவிஸ். ஓட்டியதோடு நிற்காமல் ஜெபம் பண்ணுகிறேன் என்று அறைக்குள்ளும் வந்துவிட்டார். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியின் பேர் கோர்லிஸ். நிதானமானவள். கேள்விகளை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"புகைக்கிறதை எப்படி விட்டீங்க, மிஸ்டர் ஸ்டாம்பர்? பட்டை, கம், மூக்கு ஸ்பிரே, எதாவது இப்ப எடுத்துக்கிறீங்களா? எடுத்தா தப்பில்ல. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

பாருங்கள், கதவு இவ்வளவு அகலமாகத் திறந்தது. ஸ்பிரே என்று பேரையே சொல்லிவிட்டாள். ஹோபர்ட் மூச்சை இழுத்தான். அவனுக்கு மூச்சு இழுக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் டிரீமா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு மருந்து மாத்திரை கிடையாது. கர்த்தர் ஒரே நாள்ல எடுத்துப் போட்டுட்டாரு. நான் கூட இருந்து பாத்தேன்."

"ஆமென்," என்றார் பாஸ்டர்.

கோர்லிஸ் ஹோபர்ட்டைப் பார்த்தாள். இழுத்த மூச்சை அவன் அப்படியே வெளியே விட்டான். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை, சிரித்து வைத்தான்.

அன்று ரத்தம் எடுக்கவில்லை. பேர் ஏறிற்று.

அதன்பின் அவன் தானாகவே குறைக்கப் பார்த்தான். ரெனிட்டாவிடம் போகவில்லை, போனால் "சொன்னியா?" என்பாள். மலையைச் சுற்றி அடுத்த மாவட்டத்து மருந்துக்கடையில் வாங்கினான். குறைத்தான், கூட்டினான், குறைத்தான். முழுதாக நிறுத்திவிட்டு ஊதாமல் இருக்க முடியுமா என்று பயம். ஊதினால் செத்தான். ஊதாமல் இருக்கத்தான் அதை அடித்துக்கொண்டிருந்தான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சாலையில் நின்று பார்த்தால் தெரியாது. வண்டி பள்ளத்தில் கிடக்கும்போதுதான் தெரியும்.

இலை உதிர்கிற காலத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், ரத்தம் எடுத்தார்கள்.

7

இனி ஒரே ஒரு அறைதான் பாக்கி. கோர்லிஸின் அறை. ஹோபர்ட், டிரீமா, கோர்லிஸ். பாஸ்டர் கீழே வேனில் காத்திருக்கிறார். அவரை உள்ளே விடவேண்டாமென்று நான்தான் தீர்மானித்தேன்.

"ரத்தத்துல நிகோடின் இருக்கு, மிஸ்டர் ஸ்டாம்பர்."

டிரீமா, "மெஷின்ல தப்பு இருக்கும்," என்றாள்.

"இரண்டு தடவை பாத்துட்டோம்மா." கோர்லிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். ஊதுனீங்களா, இல்ல மருந்து எதாவது எடுத்தீங்களா? மருந்துன்னா அதுக்கு வேற ஒரு சோதனை இருக்கு. புகையிலை இலையில இருக்கிற ஒண்ணு மருந்துல இருக்காது, அதை வச்சுப் பிரிச்சுப் பாத்துடலாம். அப்ப நிறுத்திட்டுக் காத்திருந்தாப் போதும், பேர் திரும்ப ஏறும். ஊதியிருந்தீங்கன்னா, உங்களுக்கே தெரியும், இங்க திரும்பக் கிடையாது. நீங்க சொல்றதை வச்சுத்தான் அடுத்தது."

ஹோபர்ட்டின் தலைக்குள் ஓடியதை எழுதுகிறேன். அவன் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் சபையில் வளர்ந்தவன்.

ஆஸ்பத்திரியில், மறுபடி ஊதி விழுந்தவனுக்கு மன்னிப்பு இல்லை. மருந்து எடுத்தவனுக்கு உண்டு.

சபையில் அப்படியே தலைகீழ். விழுந்தவனுக்கு அங்கே தேய்ந்த பாதையே இருக்கிறது. பலிபீடத்துக்குப் போகிற கம்பளத்தில் பின்வாங்கிப்போனவர்களின் கால் பட்டுப்பட்டு நடுவில் நூல் தெரியும். அழுதுகொண்டே திரும்பி வந்தால் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், மத்தியானம் கோழிக் குழம்பில் கூடுதலாக ஒரு கரண்டி விழும். ஆனால் அற்புதமே நடக்காமல் நடந்தது என்று கர்த்தர் பேரில் சாட்சி சொன்னவனுக்குப் போக வழியில்லை. அவன் சாட்சியைக் கேட்டுச் சிகரெட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு மருந்தும் இல்லாமல் விட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே, செய்த சின்னத் தப்பைச் சொன்னால் நுரையீரல் கிடைக்கும். செய்யாத பெரிய தப்பை ஒப்புக்கொண்டால் அவளுடைய ஜெபம் பிழைக்கும்.

கோட்டுப் பையில் பாட்டில் இருக்கிறது.

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஹோபர்ட் பாட்டிலை எடுத்து மேசையில் வைக்கிறான். டிரீமா அழுது, சிரித்து, அவனை அணைத்துக்கொள்கிறாள். வசந்த காலத்தில் புது நுரையீரல். எழுதிப் பார்த்தேன். டிரீமா அணைக்க மறுத்துவிட்டாள். காகிதத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

இரண்டாம் முடிவு: கீழேயிருந்து பாஸ்டர் வேனின் ஹாரனை அழுத்துகிறார். அது சிக்கிக்கொண்டு நிற்காமல் ஊதுகிறது. ஆஸ்பத்திரியே, செத்தவர்களை எழுப்பும் கடைசி எக்காளம் என்று நினைத்து எழுந்து நிற்கிறது, பிணவறையில் இரண்டு பேர் உட்பட. ஹோபர்ட்டுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்பில் தும்மல் வருகிறது, தும்மலில் பாட்டில்— இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எழுதினேன். மறுநாள் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். புது மூச்சு வேண்டுமென்று உட்கார்ந்திருப்பவனின் தலைமேல் நின்றுகொண்டு நான் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் முடிவு: "ஹோபர்ட் செத்த அன்று டிரீமா—" (இந்த வரி மறுபடி வந்துவிட்டது. போகமாட்டேன் என்கிறது.)

9

இந்தப் பகுதியில் கழிக்க எதுவும் இல்லை.

ஹோபர்ட் மூச்சை இழுத்தான். இந்தத் தடவை டிரீமா முந்தவில்லை. அவன் முழுதாக இழுத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஊதுனேன்," என்றான்.

கோர்லிஸ் கண்ணை மூடித் திறந்தாள். "எப்ப?"

"போன வாரம். கொட்டகைக்குப் பின்னால."

"எத்தனை?"

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

"நிச்சயமாவா, மிஸ்டர் ஸ்டாம்பர்? வேற எதுவும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நிச்சயமா."

அவன் டிரீமாவைப் பார்க்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கைப்பையால் அடிப்பாள், அழுவாள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துக் கம்பளத்தில் கூட்டிக்கொண்டு போவாள். அதற்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அவள் கத்தவில்லை. நாற்காலியிலிருந்து சாய்ந்து, அவனுடைய கழுத்துப்பட்டையில் மூக்கை வைத்தாள். மெதுவாக இழுத்தாள். சட்டையின் முன்பக்கம். கை மடிப்பு. விரல்கள்.

சோப்பு வாசனை. ஆக்சிஜன் குழாயின் பிளாஸ்டிக். காலையில் தின்ற ரொட்டியின் வெண்ணெய். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற மனிதனின் வியர்வை. மகனின் கோட்டில் எந்தப் புகையை அவள் முகர்ந்தாளோ அந்தப் புகை இவனிடம் துளிகூட இல்லை. மாதக்கணக்கில் இல்லை.

நிமிர்ந்தாள். அவன் முகத்தை, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குழாய் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். நாசித் துவாரங்களைப் பார்த்தாள்.

சிவந்திருந்தன.

இங்கேதான் நான் நிற்கிறேன். அவளுக்குத் தெரிந்தவை இரண்டு. இவன் ஊதவில்லை, ஊதினேன் என்று பொய் சொல்கிறான். இவன் மூக்கு, லோனியின் மூக்கு மாதிரி இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து அவள் எங்கே போவாள்? உண்மை என்பது இருப்பதிலேயே சின்னக் குற்றம், பையில் ஒரு பாட்டில், அவ்வளவுதான். ஆனால் அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது மகன் போன வழியாகத்தான் தெரியும்.

"ஹோபர்ட்," என்றாள். ஹோபி இல்லை.

"ம்."

"பையில என்ன வச்சிருக்க?"

அவள் கை அவனுடைய கோட்டுப் பையின் வெளிப்பக்கம் வந்து நின்றது. துணிக்குள்ளே விரல் நீளத்துக்கு ஒன்று உருண்டது.

கோர்லிஸ் கேட்டாள்: "மிஸஸ் ஸ்டாம்பர், நீங்க எதாவது சொல்லணுமா? நான் இன்னும் எழுதல."

இதற்கு மேல் நான் எழுதியதெல்லாம் கிழிந்தது. டிரீமா பாட்டிலை வெளியே எடுத்தால், அவன் பிழைக்கலாம். அவளுக்கு அப்புறம் ஜெபிக்க என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. எடுக்காமல், "இல்லம்மா, அவன் சொன்னதுதான்," என்று கையைத் தன் மடிக்குக் கொண்டுபோனால், இரண்டு இடத்தில் அடித்தும் போகாத அந்த வரியை நான் எழுதி முடிக்க வேண்டியிருக்கும். வேறொருவன் இதில் ஒன்றைத் துணிந்து எழுதிவிடுவான். என்னால் மீன்களை இரும வைக்கமுடியும், கூரையைத் தூக்கமுடியும், பிணங்களை எழுப்பி நிற்க வைக்கமுடியும். அந்தக் கையை மட்டும் ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது, கோட்டுத் துணியின் மேல். ஹோபர்ட் அடுத்த மூச்சை இழுக்கத் தொடங்கியிருக்கிறான். அதற்கு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் இழுத்து முடிப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள், பாட்டிலை அவள் எடுக்கட்டுமா?